வண்டி தாமதமானால் முதலில் செய்ய வேண்டியது எது? – வழக்கறிஞர் பதில்

தக்கலை பக்கத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் தவிர்த்துச் சுருக்கமாகத் தருகிறேன்.

கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், சித்தி மகள் கல்யாணத்துக்காக எழுபத்திரண்டு வயது மாமியாரையும், ஒன்பதாவது படிக்கும் மகனையும், ஐந்தாவது படிக்கும் மகளையும் கூட்டிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பியிருக்கிறார். நாகர்கோவில் ஜங்ஷனில் மாலை வண்டி. டிக்கெட் ஆன்லைனில் எடுத்தது, நாலு பேருக்கும் சேர்த்து நாலாயிரம் ரூபாய்க்கு மேல். பாதையில் தண்ணீர் ஏறியிருப்பதால் வண்டி ஒரு மணி நேரம் தாமதம் என்று முதலில் சொன்னார்கள். பிறகு இரண்டு, பிறகு மூன்றரை. நாலாவது மணி நேரத்தில் மாமியாருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. "மக்களே, எனக்கு முடியல்ல, வீட்டுக்குப் போவோம்" என்று அழுதிருக்கிறார். கார் பிடித்துத் திரும்பிவிட்டார்கள். வண்டி அதற்கும் ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பிப் போயிருக்கிறது. மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் டி.டி.ஆர். (பயணம் செய்யாத டிக்கெட்டின் பணத்தைத் திரும்பக் கேட்கும் கோரிக்கை) பதிவு செய்தார். சில வாரங்களில் நிராகரிப்பு வந்தது.

அவர் கேட்பது நான்கு. டிக்கெட் பணம் இனி கிடைக்குமா? "ரயில் லேட்டானால் முப்பதாயிரம் கொடுக்கணும்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு" என்கிறார் உடன் வேலை பார்க்கும் ஆசிரியர், அப்படியானால் வழக்குப் போடலாமா? அடுத்த மாதம் மாமியாரைக் கண் சிகிச்சைக்குச் சென்னை கூட்டிப்போக வேண்டும், ரயிலை விட்டுவிட்டுத் திருவனந்தபுரத்திலிருந்து விமானத்தில் போனால் தாமதத்துக்கு உடனே பணம் தருவார்கள்தானே? கடைசிக் கேள்வியை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: "அன்று விசாரணை கவுண்டரில் கத்தினேன். போனையே பார்த்துக்கொண்டிருந்த மகனை எல்லார் முன்னாலும் அடித்துவிட்டேன். மாமி சகுனத் தடை என்கிறார்கள். மகன் என்னோடு இனி எங்கும் வரமாட்டானாம். போன பணத்தைவிட அந்த நாலு மணி நேரம்தான் உறுத்துகிறது. இப்படி மாட்டிக்கொண்டால் அந்த நேரத்தை எப்படித்தான் கழிப்பது?"

அன்புள்ள சகோதரி,

உங்கள் நாலாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆனால் அதற்குப் பதில் முதல் மூன்று கேள்விகளுக்குள்தான் இருக்கிறது. ஆகவே வரிசையாகவே வருகிறேன்.

டிக்கெட் பணம்

வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் அதில் ஏறாமல் விட்டால் முழுக் கட்டணமும் திரும்பப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. ரத்துக் கட்டணம் எதுவும் பிடிக்க மாட்டார்கள். இது உங்களுக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாமல் போனது அந்த உரிமைக்கு இருக்கும் கெடு. அந்த வண்டி நீங்கள் ஏற வேண்டிய நிலையத்தை விட்டுக் கிளம்புவதற்குள் டி.டி.ஆர். பதிவாகியிருக்க வேண்டும். அட்டவணையில் போட்ட நேரத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், வண்டி உண்மையிலேயே கிளம்பும் நேரம்தான் கணக்கு. நீங்கள் நாலாவது மணி நேரத்தில் நிலையத்தை விட்டு வந்தீர்கள், வண்டி ஐந்தாவது மணி நேரத்தில் போனது. காரில் தக்கலை திரும்பிக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரம் முழுக்க உங்கள் உரிமை உயிரோடுதான் இருந்தது. மறுநாள் காலையில் அது இல்லை.

"எங்களுக்கு முடியாமல்தானே திரும்பினோம், அதை நிரூபித்தால் போதாதா" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி, ஆனால் விதி அப்படி அமையவில்லை. வண்டி போன பிறகு வரும் கோரிக்கையில், உண்மையிலேயே ஏறாதவர் யார், ஏறிப் போய்விட்டுப் பணம் கேட்பவர் யார் என்று பிரிப்பது சிரமம். அதனால்தான் அந்தக் கோடு.

அடுத்த முறைக்காக வழிமுறையைச் சொல்லிவிடுகிறேன். எந்தக் கணக்கில் டிக்கெட் எடுத்தீர்களோ அதே கணக்கில் உள்ளே போய், அந்தப் பயணத்தைத் திறந்து, டி.டி.ஆர். பகுதியில் 'வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம், பயணம் செய்யவில்லை' என்ற காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். பிளாட்பாரத்தில் உட்கார்ந்தபடியே போனில் செய்துவிடலாம். பதிவானதும் திரையைப் படம் எடுத்து வையுங்கள். கவுண்டரில் எடுத்த டிக்கெட் என்றால் வண்டி கிளம்பும் முன் கவுண்டரிலேயே டிக்கெட்டை ஒப்படைக்க வேண்டும். வண்டியே ரத்தானால் ஆன்லைன் டிக்கெட்டுக்கு டி.டி.ஆர். தேவையில்லை, பணம் தானாகவே கணக்குக்கு வந்துவிடும். இன்னொன்றையும் பலர் தவறாக நினைக்கிறார்கள்: மூன்று மணி நேரம் என்பது ஏறும் நிலையத்தில் உள்ள தாமதம். நாகர்கோவிலில் சரியான நேரத்துக்கு ஏறி எழும்பூரில் நாலு மணி நேரம் தாமதமாக இறங்கினால் இந்த விதி பொருந்தாது.

சென்னையில் இறங்கி அங்கிருந்து இன்னொரு வண்டி பிடிக்க வேண்டியிருந்தால், இரண்டு பி.என்.ஆர்.களையும் முன்பதிவு செய்யும்போதே இணைத்துவிடுங்கள். 2019 ஏப்ரலிலிருந்து இந்த வசதி இருக்கிறது. முதல் வண்டி தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், முதல் வண்டி வந்து சேர்ந்த மூன்று மணி நேரத்துக்குள் கேட்டால் இரண்டாவது டிக்கெட்டின் பணம் பிடித்தமில்லாமல் கிடைக்கும்.

போன பணத்துக்கு வருகிறேன். நாகர்கோவில் நிலையம் தென்னக ரயில்வேயின் திருவனந்தபுரம் கோட்டத்தில் வருகிறது. தாமதம் எவ்வளவு, மாமியாரின் வயது, முழங்கால் நிலை, மறுநாள் பார்த்த மருத்துவரின் சீட்டு, நிராகரிப்புச் செய்தி எல்லாவற்றையும் வைத்துத் தென்னக ரயில்வேயின் வணிகப் பிரிவுக்கு ஒரு கருணை மனு அனுப்பிப் பார்க்கலாம். கிடைக்கும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன், வாய்ப்பு குறைவுதான். இரண்டு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். கோபத்தை அதில் கொட்டாதீர்கள்.

வழக்குப் போடலாமா?

உங்கள் நண்பர் சொன்ன தீர்ப்பு இருக்கிறது. 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கியது. 2016-ல் ஒரு குடும்பம் அஜ்மீர்–ஜம்மு வண்டியில் போனது. காலை 8.10-க்குச் சேர வேண்டியது பகல் 12 மணிக்குச் சேர்ந்தது. அதே 12 மணிக்கு அவர்களுக்கு ஜம்முவிலிருந்து ஸ்ரீநகருக்கு விமானம். அது போய்விட்டது. டாக்சி பிடித்துப் போனார்கள், முன்பதிவு செய்த தங்குமிடமும் வீணானது. நுகர்வோர் மன்றம் டாக்சிச் செலவு, தங்குமிடச் செலவு, மன உளைச்சல், வழக்குச் செலவு என்று தனித்தனியாகக் கணக்கிட்டு இழப்பீடு கொடுக்கச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

ஆனால் 'தாமதம் என்றாலே முப்பதாயிரம்' என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. அது சொன்னது, தாமதத்துக்கு என்ன காரணம், அது தன் கைமீறியது என்று ரயில்வே ஆதாரத்தோடு விளக்க வேண்டும், விளக்காவிட்டால் அது சேவைக் குறைபாடு என்பதே. அந்த வழக்கில் ரயில்வே எந்த விளக்கமும் தரவில்லை. உங்கள் விஷயத்தில் காரணம் அன்றே அறிவிக்கப்பட்டது: பாதையில் மழைத் தண்ணீர். நம் மாவட்டத்தில் 2021 நவம்பர் மழையில் நாகர்கோவில்–திருவனந்தபுரம் பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றதை நாம் எல்லாரும் பார்த்தோம். மழையில் தண்ணீர் ஏறிய பாதையில் வண்டியை ஓட்டாமல் நிறுத்துவதைக் குறைபாடு என்று எந்த ஆணையமும் சுலபத்தில் சொல்லாது. சொல்லவும் கூடாது என்பது என் கருத்து. அந்த வண்டியில் ஏறவிருந்தது உங்கள் பிள்ளைகள்.

தீர்ப்பில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், அவர்கள் காட்டிய இழப்பு டாக்சி, தங்குமிடம் என்று தொகையோடு சொல்லக்கூடிய செலவு. உங்கள் கையில் இருப்பது காருக்குக் கொடுத்த தொகை மட்டும். அதற்கும் ரசீது இல்லை என்கிறீர்கள்.

இத்தனையும் சொன்னபிறகும் உங்களுக்கு உள்ள உரிமைகளைச் சொல்ல வேண்டியது என் கடமை. டிக்கெட் பணத்தைத் திரும்பப் பெறும் வழக்கு ரயில்வே உரிமைக்கோரல் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். சேவைக் குறைபாட்டுக்கான இழப்பீடு நுகர்வோர் ஆணையத்தின் வேலை. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாகர்கோவிலில் உள்ள ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்பதால் புகார்க் கட்டணமும் கிடையாது. வழக்கறிஞர் வைத்துக்கொள்வது கட்டாயமும் இல்லை. கதவு திறந்துதான் இருக்கிறது. இந்த ஆதாரங்களோடு அதற்குள் போக வேண்டாம் என்பது என் ஆலோசனை. காரணமே சொல்லாமல் வண்டியை நிறுத்திவைத்து, அதனால் உங்களுக்கு ரசீதோடு கூடிய இழப்பு ஏற்பட்டால், அப்போது தயங்காதீர்கள்.

விமானத்தில் போனால்?

விமானம் தாமதமானால் உடனே பணம் என்பது வெளிநாட்டுச் செய்திகளைப் பார்த்து நம்மூரில் பரவிய எண்ணம். உள்நாட்டு விமானம் தாமதமானால் ரொக்க இழப்பீடு தர வேண்டும் என்று நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதியில் இல்லை. அதில் இருப்பது இவ்வளவு:

திருவனந்தபுரம்–சென்னை போன்ற குறுகிய பயணத்தில், நீங்கள் நேரத்துக்குச் செக்-இன் செய்திருந்து விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். கேட்டால்தான் தருவார்கள் என்ற நிலை பல இடங்களில் உண்டு, ஆகவே கேளுங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் வேறு விமானமோ முழுப் பணமோ நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். இரவு எட்டு மணிக்கும் அதிகாலை மூன்று மணிக்கும் இடையில் கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் தங்குமிடமும் தர வேண்டும். ரொக்க இழப்பீடு விமானம் ரத்தாகும்போது வருகிறது. உரிய காலத்தில் முன்கூட்டித் தெரிவிக்காமல் ரத்து செய்தால், ஒன்று முதல் இரண்டு மணி நேரப் பயணத்துக்கு 7,500 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது. மழை, புயல் போன்ற கைமீறிய காரணங்களுக்கு அதுவும் கிடையாது. டிக்கெட் எடுக்கும்போது உங்கள் சொந்தப் போன் எண்ணைக் கொடுங்கள். ஏஜென்டின் எண்ணைக் கொடுத்துவிட்டால் தகவல் அவருக்குப் போகும், "தெரிவித்துவிட்டோம்" என்று நிறுவனம் சொல்லிவிடும்.

மாமியாருக்கு விமானம் நல்லதுதான். முழங்காலுக்கு வீல்சேர் கிடைக்கும், பயண நேரம் குறைவு. பணத்துக்காக விமானம் என்ற கணக்கை மட்டும் விட்டுவிடுங்கள். தக்கலையிலிருந்து விமான நிலையம் போகும் வழியில் நெரிசல் மிகுந்த மார்த்தாண்டமும் களியக்காவிளையும் இருக்கின்றன என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எதில் போனாலும் சரி, மருத்துவரைப் பார்க்கும் நாளுக்கு முந்தின நாளே சென்னை சேர்ந்துவிடுவது போலத் திட்டமிடுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வயதானவர்களின் சிகிச்சைத் தேதி தவறினால் எந்தச் சட்டமும் அதைத் திருப்பித் தராது.

அந்த நாலு மணி நேரம்

உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். அந்த இரவைக் கெடுத்தது தாமதம் மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. போவதா திரும்புவதா என்று முடிவெடுக்காமலே நாலு மணி நேரமும் நின்றிருக்கிறீர்கள். ஒவ்வொரு அறிவிப்புக்கும் எழுந்து ஓடியிருக்கிறீர்கள். "இப்போ வந்துரும்" என்று பிள்ளைகளை மூட்டைக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்தீர்கள். சாப்பாட்டை வண்டியில் ஏறிய பிறகு பிரிக்கலாம் என்று வைத்திருந்தீர்கள். மாமியாருக்கு உட்கார இடம் தேடியது மூன்றாவது மணி நேரத்தில். வண்டி எந்த நிமிடமும் வரும் என்று நினைக்கிறவர்களால் உட்காரவோ சாப்பிடவோ பேசவோ முடியாது.

சட்டம் இங்கே உங்களுக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. மூன்று மணி நேரம் என்பது பணத்துக்கான எல்லை மட்டுமல்ல, உங்கள் முடிவுக்கான நேரமாகவும் அதை வைத்துக்கொள்ளலாம். தாமதம் என்று தெரிந்த முதல் கால் மணி நேரத்தில் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: வண்டி இப்போது எங்கே நிற்கிறது, ஏன். ரயில்வேயின் என்.டி.இ.எஸ். செயலியும் 139 எண்ணும் அதைச் சொல்லும். கவுண்டரில் இருப்பவரிடம் "எப்போ வரும்" என்று கேட்டால் அவருக்கே தெரியாத ஒன்றைக் கேட்கிறோம். "எங்கே நிற்குது, காரணம் என்ன" என்று கேட்டால் பதில் கிடைக்கும். நாகர்கோவிலிலிருந்தே புறப்படும் வண்டி என்றால், எந்த வண்டியாக உள்ளே வரும் பெட்டிகள் உங்கள் வண்டியாகக் கிளம்புகின்றன என்று விசாரித்து வையுங்கள். அந்த வண்டி மதியமே ஐந்து மணி நேரம் பின்தங்கியிருந்தால் நீங்கள் வீட்டிலிருந்தே தாமதமாகக் கிளம்பலாம். ரயிலடிக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது, பயணிகளில் பலருக்குத் தெரியாது.

பிறகு குடும்பத்தோடு உட்கார்ந்து சத்தமாக ஒரு முடிவு சொல்லுங்கள். "மூணு மணி நேரம் தாண்டினா டி.டி.ஆர். போட்டுட்டு வீட்டுக்குப் போறோம். அதுவரைக்கும் இங்கதான்." அல்லது "எத்தனை மணி ஆனாலும் போறோம், கல்யாணம் முக்கியம்." அல்லது "வடசேரியில் அரசு விரைவுப் பேருந்தில் இடம் இருக்கான்னு பார்க்கிறோம்." மழையில் பாதை போயிருக்கிறது என்றால் பேருந்துப் பாதையும் எப்படி இருக்கிறது என்று விசாரித்த பிறகே மூன்றாவது. எந்த முடிவானாலும் சரி, எடுத்த பிறகு அறிவிப்பைக் கேட்கும் வேலையை ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். அந்த வேலைக்கு உங்கள் மகனைவிடப் பொருத்தமானவர் இல்லை. கையில் போன் இருக்கிறது, அதைப் பார்க்கத் தெரியும். அரை மணிக்கு ஒரு முறை வண்டி எங்கே என்று பார்த்துச் சொல்வது அவன் பொறுப்பு என்று கொடுத்திருந்தால், அன்று அடி வாங்கிய அதே போன் குடும்பத்துக்குப் பயன்பட்டிருக்கும்.

அவனை அடித்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவனிடம் நேரடியாகச் சொல்லிவிடுங்கள்: "அன்னைக்கு நான் உன்னை அடிச்சது தப்பு." பதினான்கு வயதுப் பையன் எல்லார் முன்னாலும் பட்ட அவமானத்தை மறப்பதற்கு அம்மாவின் அந்த ஒரு வாக்கியம் தேவை. காரணம் எதுவும் அதோடு சேர்க்காதீர்கள். கவுண்டர் ஊழியரிடம் நீங்கள் கத்தியதை அவன் படம் எடுத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எங்கும் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமியாரின் 'சகுனத் தடை'யை எதிர்த்து வாதாட வேண்டாம். மூன்று மணி நேரம் நின்று முழங்கால் வீங்கிய ஒருவர், இந்த வலிக்கு ஒரு காரணம் வேண்டும் என்று தேடிச் சொன்னது அது. முன்பதிவு டிக்கெட் இருந்தால் காத்திருப்போர் அறையில் உட்கார உரிமை உண்டு. ஓய்வறை காலியாக இருந்தால் பணம் கட்டி எடுக்கலாம். கார் வாடகையோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகை இல்லை. நிலையத்துக்குள் நுழைந்ததும் முதலில் அவருக்கு இடம், பிறகு மற்றது. வழியனுப்ப வந்த உங்கள் தம்பி இரண்டு மணி நேரத்தில் கிளம்பிவிட்டார் என்று குறைபட்டிருக்கிறீர்கள். பிளாட்பார டிக்கெட் இரண்டு மணி நேரத்துக்குத்தான் செல்லும், அவர் செய்தது சரி. இன்னொரு டிக்கெட் எடுத்துக்கொடுத்து இருத்தியிருக்கலாம்.

இதெல்லாம் செய்த பிறகும் நேரம் மிச்சம் இருக்கும். அதில் என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். பகல் தாமதம் என்றால் கோட்டாறு சவேரியார் கோயில், நாகராஜா கோயில், சுசீந்திரம் எல்லாம் ஆட்டோ தூரத்தில் இருக்கின்றன. ஆனால் ஓர் எச்சரிக்கை: அறிவித்த தாமதம் குறையவும் குறையும். ஓட்டுநர்கள் வழியில் நேரத்தை ஈடுகட்டுவார்கள். ஆகவே சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே திரும்பிவிட வேண்டும். இரவு என்றால், அதுவும் பெண்பிள்ளையும் முதியவரும் கூட இருக்கும்போது, வெளியே போகாதீர்கள். நிலையத்துக்குள்ளேயே இருங்கள்.

உள்ளே இருந்தால் உங்கள் பக்கத்தில் எழுபத்திரண்டு வயதுக்காரர் ஒருவர் இருக்கிறார். நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979-ல்தான், திருவனந்தபுரத்திலிருந்து. திருநெல்வேலிப் பக்கம் பாதை திறந்தது 1981-ல். உங்கள் மாமியாருக்கு அப்போது இருபத்தைந்து வயதுக்கு மேல், கல்யாணமாகி வந்திருப்பார். அதற்கு முன் மெட்ராஸுக்குப் போக வேண்டுமென்றால் ஆரல்வாய்மொழி வழியாகப் பஸ்ஸில் திருநெல்வேலி போய் அங்கே வண்டி ஏற வேண்டும். முதல் ரயிலைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போன கதை இந்த மாவட்டத்தில் அந்த வயதுக்காரர் பலரிடமும் இருக்கும். அவர் பிறந்தபோது இந்த மாவட்டம் தமிழ்நாட்டில்கூட இல்லை, 1956 நவம்பர் 1-ல்தான் இணைந்தது. "பாட்டி, முதல்ல ரயில்ல எப்போ ஏறினீங்க?" என்று உங்கள் மகளைக் கேட்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் தாராளமாகப் போகும். பேத்தி கேட்டால் அவருக்கும் முழங்கால் மறந்துபோகலாம். மஸ்கட்டில் இருக்கும் மகனுக்கு அதை ரெக்கார்ட் செய்து அனுப்புங்கள். பேரனின் போனுக்கு அதைவிட நல்ல வேலை இல்லை.

நீங்களும் ஓர் ஆள் என்பதை நினைவில் வையுங்கள். கணவர் வெளிநாட்டில் இருக்க, இரண்டு பிள்ளைகளையும் மாமியாரையும் தனியாக இழுத்துக்கொண்டு மழையில் கிளம்பியவர் நீங்கள். அந்த நாலு மணி நேரத்தில் ஒரு டீ கூடக் குடிக்கவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். பசியோடு எடுக்கிற முடிவு சரியாக இருக்காது. தாமதம் என்றதும் முதலில் எல்லாரும் சாப்பிடுங்கள். கொண்டுவந்த சாப்பாட்டை வண்டிக்காக வைத்திருக்காதீர்கள்.

அதனாலேயே மழைக்காலத்தில் இரண்டு வேளைக்கான உணவோடு கிளம்புங்கள் என்கிறேன். 2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். ஏறக்குறைய எண்ணூறு பேர், ஓர் இரவுப் பயணம் என்று நினைத்துக் கிளம்பியவர்கள். சாலையும் இல்லை, மின்சாரமும் இல்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுச் சமைத்துக் கொடுத்ததால்தான் பலர் தாக்குப்பிடித்தார்கள். நம் வீட்டு முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் உப்பேரியும் நாள்கணக்கில் கெடாது. ஒரு சீப்பு மட்டிப்பழம் வைத்துக்கொண்டால் மாமியாருக்கும் ஆகும். அவருடைய மாத்திரைகள் மூன்று நாளுக்காவது கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் அல்ல. பவர் பேங்க் ஒன்று, முழுவதும் சார்ஜ் ஏற்றியது. டி.டி.ஆர். போடுவதற்கும் அது வேண்டும்.

கடைசியாக, மனு விஷயம். அதை இந்த வாரமே ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். ஒரு நகலும் தபால் ரசீதும் உங்களிடம் இருக்கட்டும். பதிலே வரவில்லை என்றாலோ, வந்த பதில் புரியவில்லை என்றாலோ நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழுவை அணுகலாம். 1987-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு. ஆசிரியை, சம்பளம் வாங்குகிறேன், எனக்குக் கிடைக்காது என்று நினைக்க வேண்டாம். தொலைபேசியில் கேட்க 15100. நுகர்வோர் சம்பந்தமான சந்தேகத்துக்கு 1915. போகும்போது டிக்கெட், டி.டி.ஆர். பதிவு எண், நிராகரிப்புச் செய்தி, மருத்துவரின் சீட்டு நான்கையும் எடுத்துக்கொள்ளுங்கள்.